சுவைக்கூடம் கட்டப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிய திட்ட அறிக்கையையும் கட்டட வரைபடத்தையும் நிதானமாகப் படித்தேன். தேன்மதுவும் ஒயினும் சிறு அளவில் தயாரித்து, அவற்றை உங்கள் சுவைக்கூடத்திலேயே ஊற்றிக் கொடுத்து விற்பது என்ற முடிவு எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆயினும் வரைபடத்தில் சுவைக்கூடம் விசாலமாகவும், தொட்டிகள் நிற்கும் அறை நெருக்கமாகவும், நிரப்பிய பாட்டில்கள் காத்திருக்க வேண்டிய இடம் ஏறத்தாழ இல்லாமலும் இருப்பதைப் பார்த்த பிறகு, ஒயின் ஆய்வகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுவைக்கூடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிறிய தயாரிப்பாளர் மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் பங்கு கொடுத்துவிட்டுப் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம்; நேரடியாக விற்கும் பாட்டில்தான் தொழிலைத் தாங்கும். தேன்மதுவுக்கு இது இன்னும் அவசியம். தேனில் செய்தது என்றாலே பாகுபோலத் தித்திக்கும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இனிப்பே இல்லாமல், பூவின் மணம் மட்டும் எஞ்சி நிற்கும் உலர்ந்த தேன்மதுவை ஒரு வாய் அருந்தியவரிடம் அதற்குப் பிறகு எந்த விளக்கமும் தேவைப்படாது. அலமாரியில் நிற்கும் பாட்டிலால் அதைச் செய்ய முடியாது. என் கவலை வேறு. சுவைக்கூடம் நிரம்பி வழியும் நாட்களில், அங்கே தீர்ந்துபோன மதுவுக்கு ஈடாகப் பின்னறையில் இன்னும் பக்குவப்படாததை எடுத்து நிரப்பும் ஆசை வரும். முன்னறையின் அவசரம் பின்னறைக்குள் நுழையக் கூடாது என்பதுதான் நான் உன்னிடம் சொல்ல வந்த ஒரே விஷயம்.

ஒயினைப் பொறுத்தவரை இயற்கையே ஒரு கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது. திராட்சை பறித்த உடனே நொதிக்க வைத்தாக வேண்டும். அந்த அறுவடையில் கிடைத்தது அவ்வளவுதான், அடுத்த அறுவடைவரை ஒரு லிட்டர்கூடக் கூட்ட முடியாது. தேன் அப்படியல்ல. சரியாக முதிர்ந்த தேனில் நீர் 17 அல்லது 18 சதவீதமே இருப்பதால், சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்ட் அதில் பெருக வழியில்லை. மூடி வைத்தால் எத்தனை மாதமானாலும் கெடாமல் இருக்கும். திராட்சை வேலை முடிந்து தொட்டிகள் காலியாகும் மாதங்களில் தேன்மதுவைத் தொடங்கலாம் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்வது சிறிய இடங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற அதே வசதிதான், எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தையும் கொடுத்துவிடுகிறது.

கணக்கை நீயே போட்டுப் பார். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். தேனில் 80 சதவீதம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், 12 சதவீதமுள்ள உலர்ந்த தேன்மதுவுக்கு லிட்டருக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் தேன் வேண்டும். சர்க்கரை இவ்வளவு இருந்தும், ஈஸ்ட்டுக்கு உணவாகும் நைட்ரஜன் தேனில் மிகக் குறைவு. லிட்டருக்கு 140 மில்லிகிராமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. திராட்சைச் சாற்றில் பெரும்பாலும் அது தானாகவே இருக்கும், தேன்கரைசலில் அதில் சிறு பங்குதான் இருக்கும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். தொட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாறும். ஆகவே ஊட்டச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல், சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் பல தவணைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் முன்பு கரைசலை மெதுவாகக் கிளறி, அதில் கரைந்திருக்கும் வாயுவை வெளியேற்றிவிட்டு, தூளைத் தண்ணீரில் கரைத்தபின் ஊற்று. தூளாகவே போட்டால் நுரை பொங்கித் தொட்டிக்கு வெளியே வழியும். அமிலத்தன்மையையும் தினமும் அளந்து பார். தேன்கரைசலுக்குத் தன் பிஹெச் அளவைத் தக்கவைத்துக்கொள்ளும் திறன் குறைவு. அது 3-க்குக் கீழே இறங்கினால் நொதித்தல் பாதியிலேயே நின்றுவிடக்கூடும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் நொதித்தல் சில வாரங்களில் முடிந்துவிடும். முடிந்தது நொதித்தல் மட்டும்தான். அந்த இளம் தேன்மதுவை வாயில் வைத்தால் நாக்கு எரியும், மணமும் சுவையும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும். அடிமண்டியிலிருந்து வடித்து மாற்றி, தெளியவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் அது இணங்கி வரும். போலந்து நாட்டினர் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு நீர் சேர்த்தால் குறைந்தது 9 மாதம். இரண்டு பங்கு நீர் என்றால் 1 ஆண்டு. சம அளவு என்றால் 2 ஆண்டு. ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு நீர் மட்டும் என்றால் 3 ஆண்டு. இந்த நான்கு வகைகளும் 2008-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரியத் தயாரிப்புப் பட்டியலில் பதிவாயின. நீங்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. நன்றாக ஊட்டம் கொடுத்து, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்துச் செய்யும் மெல்லிய தேன்மது அதைவிடச் சீக்கிரம் பக்குவமாகும். இருந்தாலும் இனிப்பு கூடக் கூடக் காலமும் கூடும் என்ற உண்மை மாறுவதில்லை. பாட்டில்கள் காத்திருக்க இடம் ஒதுக்கு என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அவசரத்தின் விளைவு சுவையோடு நிற்பதில்லை. இனிப்பு மீதமிருக்கும் மதுவை, ஈஸ்ட் அடங்கிவிட்டது என்று நம்பி நிரப்பினால், அது பாட்டிலுக்குள் மீண்டும் நொதிக்கத் தொடங்கி அழுத்தம் ஏறி வெடிக்கும். கண்ணாடிச் சில்லுகள் ஆளை ஊனப்படுத்தக்கூடியவை. இதைத் தடுக்கச் சேர்க்கும் பொட்டாசியம் சோர்பேட் என்ற பொருள் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆகவே நொதித்தல் நின்று, மது தெளிந்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். பாக்டீரியாவை அடக்கும் சல்ஃபைட்டும் போதிய அளவில் உடனிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாக்டிக் பாக்டீரியாக்கள் சோர்பேட்டைச் சிதைத்து, ஜெரேனியம் இலையைக் கசக்கினாற்போன்ற நாற்றத்தை உண்டாக்கும். அந்த நாற்றத்தை அகற்ற எந்த வழியும் கிடையாது. மறுநொதித்தலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் நிரப்பாதே. இளமையின் காரத்தை மறைக்கப் பழச்சாற்றையும் வாசனைப் பொருள்களையும் சேர்க்கும் வழக்கத்தையும் நான் மதிப்பதில்லை. பழம் சேர்த்த தேன்மது தன்னளவில் நல்ல வகை. குறையை மூடுவதற்காகச் சேர்த்த பழம் ஓராண்டுக்குள் மங்கிவிடும், குறை அப்படியே இருக்கும்.

தேனை வாங்கும் இடத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதே. ஐரோப்பிய ஆணையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 தேன் மாதிரிகளில் 147 கலப்படச் சந்தேகத்துக்கு உரியவை என்று தெரியவந்தது. சர்க்கரைப் பாகு கலந்த தேனும் நொதிக்கும், ஆல்கஹாலும் வரும்; ஆனால் சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகு எஞ்ச வேண்டிய பூமணம் அதில் இருக்காது. தேனீ வளர்ப்பவரையே நேரில் தெரிந்து வைத்துக்கொள். எந்தப் பூவின் தேன், எப்போது எடுத்தது, சூடாக்கினார்களா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்தால், சுவைக்கூடத்தில் விருந்தினர் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் உன்னிடம் இருக்கும்.

இனி அந்தக் கூடத்தைப் பற்றி. கிண்ணம் எப்படி இருக்க வேண்டும் என்று 1977-லேயே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்துவிட்டது: 215 மில்லிலிட்டர் கொள்ளளவு, மேலே குறுகும் வாய், சுவைக்க 50 மில்லிலிட்டர். நீங்கள் பல வகைகளை வரிசையாகக் கொடுக்கப் போவதால் 30 மில்லிலிட்டரே போதும். உலர்ந்ததை முன்னும் இனிப்பை இறுதியிலும் கொடுங்கள். இனிப்பு முந்திக்கொண்டால் பிறகு வரும் உலர்ந்த ஒயின் புளிப்பாகத் தெரியும். கூடத்தில் ஊதுவத்தி, நறுமணத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். தரையையும் தொட்டி அறையையும் குளோரின் கலந்த பொருளால் கழுவவே கூடாது. குளோரினும் மரமும் பூஞ்சையும் சேரும் இடத்தில்தான் டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் உருவாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினில் ஈரப்பூஞ்சை வாடை அடிக்கும். திறந்த பாட்டிலின் கழுத்தில் திறந்த தேதியை எழுதி ஒட்டு. ஒவ்வொரு நாளும் கதவைத் திறப்பதற்கு முன் நீயோ மாப்பிள்ளையோ எல்லாத் திறந்த பாட்டில்களையும் முகர்ந்து, ஒரு சொட்டாவது சுவைத்துப் பாருங்கள். காற்றுப்பட்டு வாடிப்போன மதுவை அருந்திவிட்டுப் போகும் விருந்தினர், உங்கள் தயாரிப்பே இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு போவார், புகார்கூடச் சொல்லமாட்டார்.

உங்கள் தயாரிப்பை உங்களுக்குள்ளேயே பெயர் மறைத்துச் சுவைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். 1976-ல் பாரிஸில் நடந்த சுவைப்பில் பிரெஞ்சு நடுவர்களே, எது எந்த நாட்டினுடையது என்று தெரியாதபோது, சிவப்பிலும் வெள்ளையிலும் கலிஃபோர்னிய ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். தேர்ந்த நாக்கையே பெயர்ச்சீட்டு அவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்றால், தன் கையால் செய்ததைச் சுவைப்பவரின் நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு தொட்டி பக்குவமானதா என்ற முடிவை, வேறு நல்ல மதுக்களோடு கலந்து, பெயர் தெரியாமல் சுவைத்த பிறகே எடுங்கள். சுவைக்கூடத்தில் ஒரு வகை தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று எழுதி வையுங்கள். காத்திருந்து வாங்க வரும் ஆட்கள் உங்களுக்குக் கிடைப்பார்கள்.

ஊற்றிக் கொடுப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்குவதாக நிரூபணமான பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் அறிவித்தது. 12 சதவீத மதுவில் 30 மில்லிலிட்டர் வீதம் ஐந்து கிண்ணம் அருந்தியவர் உடலில் ஏறத்தாழ 14 கிராம் ஆல்கஹால் சேர்ந்திருக்கும். இதை மறைத்து விற்கும் இடமாக உங்கள் கூடம் இருக்க வேண்டாம். துப்புவதற்கான பாத்திரத்தை மேசையின் நடுவில் வையுங்கள்; ஓரத்தில் ஒளித்து வைத்தால் கூச்சத்தில் யாரும் பயன்படுத்தமாட்டார்கள். குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வண்டி ஓட்டி வந்தவருக்கு ஊற்ற மறுப்பதில் தயக்கம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதில் உன் அபிப்பிராயத்தைக் கேட்கப் போவதில்லை. வரைபடத்தில் தொட்டி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உயரத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் கரைசல் நொதித்து முடிவதற்குள் அதைப்போல ஏறத்தாழ 50 மடங்கு கன அளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, நிறமும் மணமும் அற்றது, தரையோடு படிந்து தாழ்வான பக்கம் நகரும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே உயிருக்கு ஆபத்து. தரைமட்டத்தில் காற்றை வெளியே தள்ளும் விசிறியும், வாயுவின் அளவைக் காட்டி எச்சரிக்கும் கருவியும் பொருத்துங்கள். சுவைக்கூடத்தின் தரை தொட்டி அறையைவிடத் தாழ்வாக இருப்பதால் அங்கேயும் ஒரு கருவி வேண்டும். காலியான தொட்டியைக் கழுவ யாரும் தனியாக உள்ளே இறங்கக் கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் பதறிக்கொண்டு இன்னொருவரும் இறங்கிவிடக் கூடாது. செலவு கூடும் என்று மாப்பிள்ளை சொன்னால் சுவைக்கூடத்து நாற்காலிகளைக் குறைத்துக்கொள்ளச் சொல். இவற்றைப் பொருத்தி முடிக்கும்வரை முதல் தொட்டியை நிரப்பாதே.

அன்புடன்,
அம்மா