மிதக்கும் உருண்டையைத் தராசில் வையுங்கள்

மாவட்ட அறிவியல் கண்காட்சியின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். முதல் பரிசு அந்தரத்தில் உருண்டை மிதக்கும் கருவிக்குப் போனது. ஏன் போனது என்பது உங்களுக்கே தெரியும். பரிசைத் திரும்ப வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கருவி மாநிலப் போட்டிக்குப் போகுமுன் அதன் மேலிருக்கும் 'புவியீர்ப்பை ஒழித்த கருவி' என்ற பலகையை எடுத்துவிட்டு, கருவியை ஒரு தராசின் மேல் வைக்கச் சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

கடைசி வரிசையில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி காட்டியது அந்தத் தராசைத்தான். ஒரு மரக்குச்சியில் இரண்டு வளையக் காந்தங்கள், ஒத்த முனைகள் எதிரெதிராக. மேல் வளையம் அந்தரத்தில் நிற்கும். கீழே சமையலறைத் தராசு. காந்தம் தராசுக்குள் இருக்கும் இரும்பை இழுத்து அளவைக் கெடுத்துவிடக் கூடாதென்று நடுவில் தடிமனான தெர்மாகோல் கட்டை. அது அவளே யோசித்து வைத்தது. மேல் வளையம் மிதந்தாலும் சரி, திருப்பிப் போட்டு ஒட்டவைத்தாலும் சரி, தராசு காட்டும் எண் ஒன்றுதான். எடை எங்கேயும் போகவில்லை, காந்தப்புலம் வழியாகக் கீழ் வளையத்தின் தலையில் இறங்குகிறது.

உங்களில் ஒருவர் கேட்டார்: "குச்சி பிடித்துக்கொண்டிருக்கிறதே, அப்புறம் இது எப்படி மிதப்பது?" அவள் வாய் திறக்குமுன் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டீர்கள். பதில் அவளிடம் இருந்தது. அசையாத நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது என்பது 1842-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் சாமுவேல் எர்ன்ஷா நிறுவிய தேற்றத்திலிருந்து வருவது. குச்சியை எடுத்தால் வளையம் கவிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். அவள் குச்சியை மறைக்கவில்லை. முதல் பரிசு உருண்டைக்கும் ஒரு குச்சி உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது: உருண்டை இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்கும் ஓர் உணரி, அதற்கேற்ப மின்காந்தத்துக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சுற்று. மதியம் கரண்ட் போனபோது நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஒழிக்கப்பட்ட புவியீர்ப்பு உடனே வேலைக்குத் திரும்பி, உருண்டையை மேசைக்கு அடியில் உருட்டிவிட்டது.

பரிசளிப்பில் ஜப்பானின் காந்த மிதவை ரயிலை உதாரணம் சொன்னீர்கள். 2015-இல் மணிக்கு 603 கி.மீ. வேகம் தொட்ட ரயில் அது. அதில் இருப்பவை திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்ட மீக்கடத்திச் சுருள்கள், அதாவது மின்தடையே இல்லாத சுருள்கள். ரயில் ஓடும்போது அவை பக்கச் சுவர்களில் உள்ள சுருள்களில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. அதில் பிறக்கும் விசைதான் ரயிலைச் சுமார் 10 செ.மீ. தூக்கி நிறுத்துகிறது. போதிய வேகம் வரும்வரை ரப்பர் டயரில்தான் ஓட்டம். மிதக்கும்போதும் முழு எடையையும் பாதைதான் தாங்குகிறது. இல்லையென்றால் அவ்வளவு கான்கிரீட் எதற்கு? 1997-இல் நெதர்லாந்தில் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் குழுவினர் சுமார் 16 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில் ஒரு தவளையை மிதக்கவிட்டதும் இதே கணக்குதான்: தவளையின் எடையைக் காந்தம் தாங்கியது. சுழலும் மீக்கடத்தித் தட்டுக்கு மேல் பொருள்களின் எடையே குறைகிறது என்று 1990களில் பின்லாந்தில் போட்கிலெட்னோவ் என்ற ஆய்வாளர் சொன்னார். மற்றவர்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. சாதாரணப் பொருளுக்கு எதிர் மின்னூட்டத் துகள்களால் ஆன எதிர்ப்பொருளாவது மேலே விழுமா என்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் சோதித்தார்கள். எதிர் ஹைட்ரஜனும் கீழேதான் விழுகிறது என்ற முடிவு 2023-இல் வெளிவந்தது.

இணையத்தில் வாங்கிய பெட்டியைப் பிரித்து, வண்ணத்தாள் ஒட்டினால் அது 'மாணவர் கண்டுபிடிப்பு' ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு கடை பில்லையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், மதிப்பெண் போட வசதியாக இருக்கும். சரி, அது வேறு வழக்கு.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: பலகையை மாற்றுங்கள், தராசை வையுங்கள். 'மின்காந்தத்தால் மிதக்கும் உருண்டை' என்று எழுதினாலும் அது பார்க்கத் தகுந்த கருவிதான். அதைக் கொண்டுவந்த பையனுக்காகவும்தான் சொல்கிறேன். மாநிலப் போட்டியில் யாராவது ஒரு நடுவர் தராசு கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

இப்படிக்கு,
கடைசி வரிசை மேசையருகே நின்றிருந்த இயற்பியல் ஆசிரியர்