கட்டியாச்சுன்னு இருந்துடாதே, தேவி

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தேவி,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரி எழுதலைன்னு திட்டுவே. திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சின்னவன் தினமும் பாலத்துல ஜேம்னு சொல்லிட்டு ராத்திரி பத்து மணிக்கு வர்றான். கப்பல்காரர் உன்னை விசாரிச்சார். எதுக்குன்னு உனக்கே தெரியும்.

விஷயத்தை குரூப்ல போட முடியாது, உன் நாத்தனார் இருக்கா. நம்ம ராணி அக்கா மருமகள் மாசமாயிட்டா. ரெண்டாவது பிரசவத்தோட, இனி பிள்ளை வேண்டாம்னு கருக்குழாயைக் கட்டிக்கிட்டவ! சேதி தெரிஞ்சதும் அக்கா கேட்ட முதல் கேள்வி என்னன்னு நான் எழுத மாட்டேன், நீயே ஊகிச்சுக்கோ. அந்தப் பயத்துலயே அவ அடிவயித்து வலியை வெளியே சொல்லலை. குளியலறையில மயங்கி விழுந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி. கரு கருப்பையில இல்லடி, குழாயில தங்கியிருந்திருக்கு. வெடிச்சு, உள்ளே ரத்தம். பிழைச்சுட்டா. பிள்ளைங்க ரெண்டும் இப்ப எங்க வீட்லதான்.

ராணி அக்காவை உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினேன். பென்ஷன் வாங்கினாலும் மிசி மிசிதானே, நர்ஸ் புத்தி போகுமா. குழாயை முடிச்சுப்போட்டு நடுவுல வெட்டினா, ஆறும்போது ரெண்டு முனையும் விலகி நிக்கணும். சில உடம்புல அது தானா மறுபடி சேர்ந்துடும், இல்லேன்னா முனையில பொடி ஓட்டை விழும். விந்தணு நுழைய அது போதும். கருவான முட்டை கருப்பைக்கு இறங்கி வரத்தான் வழி பத்தாது, அங்கேயே ஒட்டிக்கும். வெட்டாம, கிளிப் மாட்டிக் குழாயை அடைக்கிறதுல வேற தொல்லை: சரியா இறுகாம போகலாம், பக்கத்துல ஓடுற தசைநாரைக் குழாய்னு நினைச்சு மாட்டிடலாம். ஆபரேஷன் அன்னிக்கே கரு உண்டாகியிருந்து, யாருக்கும் தெரியாமப் போறதும் உண்டு. இதுல எந்த இடத்துல மருமகளோட நடத்தை வருதுன்னு கேட்டேன். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கலை.

அமெரிக்காவுல இப்படிக் குழாய் ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட 10,685 பெண்களை வருஷக்கணக்காப் பின்தொடர்ந்து 1996ல முடிவு சொன்னாங்க. பத்து வருஷத்துல ஆயிரத்துக்கு 18 பேருக்குக் கொஞ்சம் மேல கருத்தரிச்சிருக்காங்க. பிரசவத்தோட குழாயை வெட்டினவங்கள்ல 7.5, அந்தக் காலத்து ஸ்பிரிங் கிளிப்ல 36.5. சின்ன வயசுல செஞ்சுக்கிட்டவங்களுக்குப் பொதுவா ஆபத்து கூடுதல். அப்படி உண்டான கருவுல மூணுல ஒண்ணு குழாயில. பார், இவளுக்குச் செஞ்சது அந்தக் குறைஞ்ச எண்ணிக்கை முறைதான். ஆயிரத்துல ஏழுங்கிறது நமக்குத் தெரிஞ்ச பொண்ணா இருந்தா என்ன ஆறுதல்?

இப்ப உன் கதைக்கு வர்றேன். "ரெண்டு மாசமா வரலை, கிழவியாயிட்டேன் லா"ன்னு சிரிச்சு வாய்ஸ் மெசேஜ் போட்டியே. உனக்கு 44தான். முப்பது முடியறதுக்கு முன்னாடியே கிளிப் போட்டுக்கிட்டவ நீ. அன்னிக்கே சொன்னேன், உன் வீட்டுக்காரரை அனுப்பு, ஆம்பளைக்கு வயித்தைத் திறக்க வேண்டியதே இல்லைன்னு. அவர் ஊசியைப் பார்த்தாலே மயங்குற வீரர்!

சிரிச்சது போதும். ஃபார்மசியில டெஸ்ட் கிட் வாங்கி நாளைக்குக் காலையிலேயே பாரு. ரெண்டு கோடு வந்தா தள்ளிப்போடாம ஸ்கேனுக்குப் போ, முன்னாடி குழாய் கட்டினதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லு. ஒரு பக்கமா வலி, துளித்துளியா ரத்தம், தலைசுத்தல், தோள்பட்டை நுனியில வலி, இதுல எது வந்தாலும் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காதே, நேரா எமர்ஜென்சி. வீட்ல ஆள் இல்லேன்னா 999க்கு ஃபோன் போடு. கோடு ஒண்ணுதான்னாலும் ஒரு வாரம் விட்டு மறுபடி பாரு.

முடிவு என்னன்னு எனக்குத் தனியா மெசேஜ் போடு, குரூப்ல இல்லை. தைப்பூசத்துக்கு வர்றதா இருந்தா இ.டி.எஸ். ரயில் டிக்கெட்டை இப்பவே எடு, கடைசி நேரத்துல பட்டர்வொர்த்துக்கு சீட் கிடைக்காது.

உன்,
சரோ