கூத்துக்கு ஒரு பந்தல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூத்து பற்றி உங்கள் இதழில் எது வந்தாலும் விடாமல் படிப்பவள் நான். சொந்த ஊர் புதுச்சேரி. இருபத்தோரு வருடமாக, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேன் ஆந்த்ரேயில் குடியிருக்கிறேன். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவு இங்கே நடந்ததை எழுதினால்தான் மனசு ஆறும்.

இங்கே கூத்துக்குப் பெயர் ‘பால் தமூல்’, பிரெஞ்சில் தமிழ் ஆட்டம் என்று அர்த்தம். வயதானவர்கள் ‘நார்ல்கோன்’ என்பார்கள். நாடகம் என்கிற நம் சொல்தான் இப்படித் தேய்ந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களோடு கப்பலேறி வந்த கலை. வீடுகளில் தமிழ்ப் பேச்சு நின்று பல தலைமுறை ஆயிற்று, பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். ஆனாலும் கூத்தென்றால் தமிழில்தான் பாடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரியாத பாட்டைக் கேட்க விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்று அருச்சுனன் தபசு. ஊர்ச் சங்கம் ஒன்று ஏற்பாடு செய்திருந்தது. உயரமான மேடை, இரும்புச் சட்டத்தில் வண்ண விளக்குகள், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. மேலே மட்டும் எதுவும் இல்லை. ஜூலை இங்கே குளிர்காலம், காய்ந்த மாதம், மழை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

மேற்குக் கரைக்கு அந்தக் கணக்கு சரி. அங்கே சில இடங்களில் வருடம் முழுக்கச் சேர்த்தே 500 மில்லிமீட்டர் சொச்சம்தான் பெய்யும். சேன் ஜில் பக்கம் திறந்தவெளி அரங்கில் நிம்மதியாக நாடகம் போடலாம். நாங்கள் இருப்பது தென்கிழக்குக் காற்று நேராக வந்து மலையில் முட்டும் பக்கம். கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டுத்தான் அந்தக் காற்று மலையைத் தாண்டும். சேந்த் ரோஸ் மேட்டில் வருடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் பெய்கிறது. எரிமலைச் சரிவில் உள்ள ஃபோக் ஃபோக்கில் 1966 ஜனவரியில், புயல் நேரத்தில், ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பதிவானது. உலகச் சாதனை அது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

பத்தரை மணிக்குத் தூற ஆரம்பித்தது. இந்த மாதிரித் தூறலைக் கிரியோலில் ‘ஃபரின் லா ப்ளூயி’ என்கிறார்கள், மழை மாவு என்று அர்த்தம். யாரும் எழுந்திருக்கவில்லை. பாட்டிமார்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். மத்தளத் தோல் நமத்துப்போய்ச் சத்தம் அடங்கியது. பையன்கள் இரண்டு பேர் அதை ஓரமாகக் கொண்டுபோய், செய்தித்தாளைக் கொளுத்திச் சூடு காட்டிக் காட்டிக் கொடுத்தார்கள். அருச்சுனன் முகத்து அரிதாரம் கழுத்து வரை வழிந்தது. அவர் நிறுத்தவில்லை.

பதினொன்றரைக்கு மழை வலுத்தது. மின்சாரம் பாயும் என்று பயந்து விளக்கையும் ஒலிபெருக்கியையும் அணைத்தார்கள், அது நியாயம்தான். ஆனால் அதோடு கூத்து முடிந்தது என்று அறிவித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிவன் வேடனாக வேஷம் கட்டித் திரைக்குப் பின்னால் தயாராக நின்றுகொண்டிருந்தார். புதுச்சேரியில் எங்கள் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடியும்வரை ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்ய வேண்டும் என்றே விராட பர்வக் கூத்து வைக்கும் ஊர்கள் எங்கள் பக்கத்துடையவை.

வாத்தியாரை இங்கே ‘வர்த்தியால்’ என்கிறார்கள். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பாட்டு முழுவதும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழெழுத்து தெரிந்த கடைசி ஆள் அவருடைய தாத்தா. அவர் பாடப்பாட அப்பா பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த பிரதி அது, பேனா மையில் எழுதியது. எல்லோரும் ஒலிப்பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போர்த்த ஓடினார்கள். வாத்தியார் சட்டையைக் கழற்றி நோட்டைச் சுற்றிக்கொண்டு வெற்று மார்போடு நின்றார். அப்படியும் பதினோரு பக்கம் ஊறிவிட்டது. மறுநாள் நானும் என் மகளும் அவர் வீட்டுக்குப் போய், பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய தாளை வைத்து ஒற்றி எடுத்தோம். நான்கு பக்கத்தில் ஒரு வரிகூடத் தேறவில்லை. இரண்டு பக்கத்தை வாத்தியார் மனப்பாடமாகப் பாடினார், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். மீதி இரண்டு பக்கத்துப் பாட்டு அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

இந்தத் தீவுக்காரர்களுக்குப் பந்தல் தெரியாததல்ல. கல்யாணத்துக்கும் சாமி காரியத்துக்கும் மூங்கில் நட்டு, மேலே மூடி, தென்னை ஓலை கட்டிப் போடுவார்கள். ‘சால் வெர்த்’ என்று பெயர், பச்சைக் கூடம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு பகலில் எழுந்துவிடும். விளக்குக்குக் கொடுத்த வாடகையில் ஒரு பங்கு போதும் என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். மேடை பெரிதாகத் தெரிய வேண்டும், படம் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று பந்தலை விட்டுவிட்டார்கள். கூத்துக்கு உயர மேடை எதற்கு? தரையில் ஆடட்டும், சுற்றி நாம் உட்காருவோம், தலைக்கு மேல் ஓலை இருக்கட்டும். சங்கத்துக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கூத்து வாத்தியார்கள் யாரிடமாவது அருச்சுனன் தபசின் பழைய பாடம் இருந்தால், அருச்சுனன் தவத்துக்கு நிற்கும் இடத்திலிருந்து வேடன் வரும் இடம் வரையிலான பாட்டுகளைப் பிரதி எடுத்து உங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் வாத்தியாரின் பாடத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகாது என்று தெரியும். இருந்தாலும் காதில் விழுந்தால் விட்டுப்போனது ஞாபகம் வரும் என்கிறார் அவர். நவம்பருக்குள் கிடைத்தால், நின்ற இடத்திலிருந்து ஆடி முடிக்கத் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சேன் ஆந்த்ரே, ரீயூனியன்.