வாழ்க்கைத் தேர்ச்சிப் பாடவேளையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம்

மத்திய, ஊவா மாகாணங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம். தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலையொன்றில் தரம் 8 மாணவர்களின் வகுப்பாசிரியை என்ற முறையில், பிள்ளைகள் சண்டைக் கும்பல்களில் சேராமல் காக்கவல்ல வாழ்க்கைத் தேர்ச்சிப் பாடவேளையைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன்.

தோட்டத்தின் பிரிவுகளான மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று மென்பந்துப் போட்டியில் தொடங்கும் வாய்த்தகராறு திருவிழாவில் கைகலப்பாகி, பின்னர் வாட்ஸ்அப்பில் சவாலாக வளர்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் “எங்க செட்” (எங்கள் கும்பல்) என்று பேச வைத்திருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. 12 முதல் 14 வயது வரை, பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார். நம் வகுப்புகளில் இருப்போர் பெரும்பாலும் அந்த வயதினரே.

இதற்குப் பாடசாலைகள் செய்வது என்ன? ஆண்டுக்கு ஒருமுறை பொலிஸ் உத்தியோகத்தரை அழைத்துக் காலைக் கூட்டத்தில் எச்சரிக்கை செய்விக்கிறோம். அவர்களது அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், 1983 இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, பொலிஸாரே வகுப்பெடுத்த ‘டேர்’ (D.A.R.E.) என்னும் போதைத் தடுப்புத் திட்டத்தையும், பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துச் சென்று மிரட்டும் முறையையும், பயன் தராதவை என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2001 ஆம் ஆண்டு அறிக்கை வகைப்படுத்தியது. அச்சம் ஒருநாள் நிற்கும். மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் என்ன பேசுவது என்பதைப் பயிற்சிதான் கற்றுத்தரும்.

நியூயோர்க்கின் 41 பாடசாலைகளில் ஆறாம் தர மாணவரிடையே சினத்தை ஆளுதல், முடிவெடுத்தல், மறுத்துப் பேசுதல் ஆகியவற்றைப் பயிற்றுவித்து, ஆய்வாளர் போட்வினும் அவரது குழுவினரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று மாதங்களுக்குள் சண்டையும் முறைகேடான நடத்தையும் குறைந்ததைக் காட்டியது. குறைந்தது பாதிப் பாடங்களையாவது பெற்ற மாணவரிடம் பயன் கூடுதலாக இருந்தது என்பதே நமக்கு முக்கியம்.

நம்மிடமும் தரம் 6 முதல் 9 வரை வாழ்க்கைத் தேர்ச்சிகளையும் குடியியற் கல்வியையும் சேர்த்த பாடம் இருக்கிறது. ஆனால், கணிதப் பாடம் முடியவில்லையென்றாலும் விளையாட்டுப் போட்டி வந்தாலும் முதலில் பலியாவது அந்தப் பாடவேளையே. எஞ்சிய நாட்களில் பிள்ளைகள் குறிப்பெழுதுகிறார்கள்.

என் வகுப்பில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, “தம்பி, இத மேல் லயத்துல குடுத்துட்டு வா” என்று பொட்டலம் நீட்டும் அண்ணனாக ஒருவனை நடிக்க வைத்தேன். மறுக்க வேண்டியவன் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டிவிட்டான். பின்வரிசையில் இருந்தவன் எழுந்து, “நிக்காத, நடந்துக்கிட்டே சொல்லு: அம்மா தேடுவாங்கண்ணே, நான் போகணும்” என்றான். குரல் நடுங்காமல் வரும்வரை அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அந்த வாக்கியத்தை நான் ஒரு பாடநூலிலும் கண்டதில்லை. அது அந்த வழியில் தினமும் நடந்து வரும் பிள்ளையின் அறிவு.

ஆகவே, இப்பாடவேளையை வேறெதற்கும் எடுக்கக்கூடாதென எழுத்தில் அறிவுறுத்துங்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் உள்ள விரிவுரையாளர்களைக் கொண்டு, நடித்துப் பழக்கும் முறையை வகுப்பாசிரியர்களுக்குத் தமிழிலேயே பயிற்றுவியுங்கள்.

சண்டையிட்ட மாணவனை இரு வாரம் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தையும் மீளாய்வு செய்யுங்கள். தாய் மலையில் கொழுந்து பறிக்க, தந்தை கொழும்பில் கடையில் நிற்க, அந்த இரு வாரமும் அவன் இருக்கப்போவது செட்டோடுதான். அவனை உளவள ஆலோசனை ஆசிரியரிடம் அனுப்பி, பாடசாலைக்குள்ளேயே வைத்திருங்கள்.

பெற்றோர் கூட்டத்தை முற்பகலில் வைத்தால் தாய்மாருக்கு அன்றைய பேர் (நாட்கூலி) அரைப்பேராகிவிடுகிறது. அவர்கள் வராததை அக்கறையின்மை என்று பதிவுசெய்வது அநீதி. மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த பின், தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலோ (குழந்தைகள் காப்பகத்திலோ) கோயில் மண்டபத்திலோ கூட்டத்தை நடத்த எங்களுக்கு அனுமதி தாருங்கள். நாங்கள் அங்கு வரத் தயார்.

இங்ஙனம்,
தோட்டப்புற ஆசிரியை ஒருவர்