ஒரே ஒரு மணி நேரம் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கால தண்ணீர்க் கட்டுப்பாட்டில் புல்தரை பற்றி இருக்கும் ஒரு வரியை மாற்றக் கேட்டு இதை எழுதுகிறேன். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீருக்குப் பிறகுதான் புல். நீர் இருப்பு இன்னும் இறங்கினால் புல்தரைக்கு ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது என்று சொல்லட்டும், அன்றைக்கே குழாயை மூடிவிடுவேன். ஆனால் விடலாம் என்று அனுமதித்த தண்ணீராவது மண்ணுக்குள் போக வேண்டாமா?

வாரம் இரண்டு நாள், மாலை 6 மணி முதல் 7 மணி வரை. எங்கள் பகுதிக்கான விதி இதுதான். என் வீட்டு முன்னால் 40 சதுர மீட்டரில் அறுகம்புல் தரை இருக்கிறது. அடியில் சுத்தக் களிமண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

கட்டுப்பாடு வந்த முதல் வாரம் தெளிப்பானைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிடம் ஒழுங்காக இழுத்தது. அப்புறம் புல்லுக்கு நடுவே தண்ணீர் தேங்கியது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தைத் தாண்டி நடைபாதையில் வழிந்து சாக்கடைக்குப் போனது. உடனே மூடினேன். தெருவை எட்டிப் பார்த்தால் வரிசையாக எல்லா வீட்டு வாசலிலிருந்தும் அதே போல ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நீளமான ஒரு ஸ்குரூடிரைவரைத் தரையில் குத்திப் பார்த்தேன். இரண்டு விரற்கடை ஆழம் வரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்குக் கீழே செங்கல்லில் குத்தியது போல் நின்றுவிட்டது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. களிமண் ஒரு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் தண்ணீரை உள்ளே வாங்கினாலே அதிகம். என் தெளிப்பான் எவ்வளவு கொட்டுகிறது என்று அளக்க, ஒரே மாதிரியான ஐந்து தகர டப்பாக்களைப் புல்லில் ஆங்காங்கே வைத்துப் பார்த்தேன். 8 நிமிடத்தில் சராசரி 4 மில்லிமீட்டர். ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 30 மில்லிமீட்டர், அதாவது 1,200 லிட்டர். இதை இந்த மண் எப்படிக் குடிக்கும்?

அதனால் பிரித்து விட்டேன். 8 நிமிடம் தண்ணீர், ஒரு மணி நேரம் இடைவெளி, மறுபடி 8 நிமிடம், மறுபடி இடைவெளி, கடைசியாக 8 நிமிடம். மொத்தம் 24 நிமிடம், 480 லிட்டர். நடைபாதை நனையவே இல்லை. மூன்றாவது வாரம் அதே ஸ்குரூடிரைவர் 10 சென்டிமீட்டர் இறங்கியது. அந்த வாரமே, 7 மணிக்குப் பிறகு தண்ணீர் விட்டதாக எனக்கு எச்சரிக்கைத் தாளும் வந்தது. விதியை மீறியது உண்மைதான், நிறுத்திவிட்டேன். ஆனால் 1,200 லிட்டர் விட்டுப் பாதிக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பியவர்கள் யாருக்கும் தாள் வரவில்லை என்பது மனதை உறுத்துகிறது.

அடுத்த தெருவில் கதையே வேறு. பள்ளத்தை மணல் கொட்டி நிரப்பிக் கட்டிய வீடுகள் அவை. மணலில் தண்ணீர் வழியாது, நேரே கீழே இறங்கிவிடும். 25 மில்லிமீட்டர் விட்டால் ஓர் அடி ஆழம் வரை போகும். புல்லின் வேரில் பெரும்பகுதி மேலாக அரை அடிக்குள்தான் இருக்கிறது. மீதித் தண்ணீர் யாருக்கும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. எங்களுக்கு வேண்டியது மெதுவாக, விட்டு விட்டு. இரண்டு தெருவுக்கும் ஒரே மணி நேரம் என்றால் இரண்டு இடத்திலும் தண்ணீர்தான் வீணாகிறது.

மாலை நேரம் என்பதும் சரியில்லை. இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். விடியற்காலையில் விட்டால் காற்று குறைவு, வெயில் இல்லை, பொழுது ஏறும்போது இலையும் உலர்ந்துவிடும்.

என்னைப் போல் புல் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புல் பழுத்துப் பழுப்பானதும் பதறிப்போய்க் குழாயைத் திறக்காதீர்கள். அறுகு தண்ணீர் இல்லாதபோது தூங்கும், எளிதில் செத்துப்போகாது. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அடித்தண்டு உறுதியாக, வெளிறிய பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. வெயில் முடியும் வரை ஒட்ட வெட்டாதீர்கள், உரம் போடாதீர்கள். வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டாமல் புல்லிலேயே விட்டுவிடுங்கள். களிமண் இளகட்டும் என்று மணல் கலக்கவே கூடாது. நான் ஒரு மூலையில் கலந்தேன், அந்த இடம் முன்னைவிட இறுகிப்போனது. தோட்டத்து முள்கரண்டியால் துளை போட்டு, மக்கிய உரத்தை மெல்லிசாகத் தூவிய மூலையில்தான் இப்போது தண்ணீர் தேங்காமல் இறங்குகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறிப்பதற்குப் பதிலாக, சதுர மீட்டருக்கு வாரம் இத்தனை லிட்டர் என்று வரம்பு வைக்கட்டும். சதுர மீட்டருக்கு நாளுக்கு 12 லிட்டர் வீதம் இரண்டு நாளில் நான் விட்ட 24 லிட்டரைவிடக் குறைவாக வைத்தாலும் சம்மதம். அதை அதிகாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அவரவர் மண்ணுக்குத் தகுந்தபடி பிரித்து விட அனுமதிக்கட்டும். நடைபாதைக்குத் தண்ணீர் வழிந்தால் தாராளமாக அபராதம் போடட்டும். என் டப்பாக் கணக்கைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விதியை எழுதுபவர்கள் கேட்டால் கொண்டுவந்து காட்டத் தயார்.

இப்படிக்கு,
களிமண் தெருவிலிருந்து ஒரு வாசகர்