அந்த ஊர் முதல்ல வேணாம்னுதான் சொல்லிச்சு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஜெர்மனியில டியூசல்டார்ஃப்ல இருக்கற ஹைன்ரிக் ஹைனே நினைவுச்சின்னம் போட்டோ போட்டு, சொந்த ஊர் தன் கவிஞனுக்குச் செஞ்ச மரியாதைன்னு எழுதியிருந்தீங்க. போட்டோ அருமை. ஆனா அவரு செத்தது 1856ல, அந்தச் சின்னம் வந்தது 1981ல, நடுவுல நடந்த கூத்த ஒரு வரிகூட சொல்லலியே சார்.

ஹைனே பொறந்து நூறு வருஷம் ஆகப்போகுதுன்னு 1887லயே ஒரு கமிட்டி ஆரம்பிச்சாங்க, ஆஸ்திரிய மகாராணி எலிசபெத் (சிசின்னு சொல்வாங்களே, அவங்கதான்) இவரோட வெறித்தனமான ரசிகை, அவங்க ஆதரவும் இருந்துச்சு, சிற்பி எர்ன்ஸ்ட் ஹெர்ட்டர் டிசைனும் குடுத்துட்டாரு. ஆனா ஹைனே யூதக் குடும்பத்துல பொறந்தவரு, அப்ப அந்தப் பக்கத்த ஆண்ட பிரஷ்யா ராஜ்யத்துக்காரங்கள நக்கலடிச்சே எழுதினவரு, 1825ல ஞானஸ்நானம் வாங்கியும் அவர விடல. எதிர்ப்பு கெளம்பினதும் டியூசல்டார்ஃப் நகரசபை 1893ல பின்வாங்கிடுச்சு. ஜெர்மனியில இன்னொரு ஊரான மைன்ஸும் வேணாம்னுடுச்சு. கடைசியில நியூயார்க்ல குடியேறின ஜெர்மன்காரங்க காசு போட்டு அந்தச் சிலைய வாங்கினாங்க, அங்கயும் நடு ஊர்ல இடம் தரல, 1899ல அதே நியூயார்க்ல பிராங்ஸ்ங்கற பகுதியில கொண்டுபோய் வச்சாங்க. ஹைனே கவிதையில வர்ற லோரலைங்கற மாயக்கன்னி வெள்ளை மார்பிள்ல உச்சியில உக்காந்திருப்பா, கீழ கடல்கன்னிங்க, பீடத்து ஓரத்துலதான் ஹைனே முகமே. பாவம், அந்தக் கன்னிங்க தலையக்கூட உடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க, 1999லதான் ரிப்பேர் பண்ணி முடிச்சாங்க.

சிசி கிரீஸ்ல கோர்ஃபு தீவு அரண்மனையில வச்சிருந்த இன்னொரு ஹைனே சிலைக்கும் இதே கதிதான். 1907ல ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்ஹெல்ம் அந்த அரண்மனைய வாங்கினதும் முதல் வேலையா சிலைய வெளிய அனுப்பிட்டாரு, அது ஹாம்பர்க் பக்கமெல்லாம் சுத்தி இப்ப பிரான்ஸ்ல டூலோன்ல நிக்குது.

டியூசல்டார்ஃப் 1953ல ஹைனே நினைவா பூங்காவுல ஒண்ணு வச்சுது, அதுவும் ஒரு பொம்பள சிலை, அவரு முகமே கிடையாது! முகம் வந்தது நீங்க போட்ட போட்டோவுல இருக்கறதுலதான். அதுவும் முழு முகம் இல்ல, செத்தப்ப எடுத்த அச்ச வச்சு செஞ்சு, துண்டு துண்டா தரையில கிடக்குது. அந்த ஊர் பண்ணினதுக்கு இதுதான் பொருத்தம்னு எனக்குப் படுது, மரியாதைங்கற உங்க கேப்ஷன்தான் ஒட்டல.

அடுத்த இதழ்ல பிராங்ஸ் சிலை படத்தையும் போடுங்க, சின்னதா போட்டாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்