குருவிக்கு, அட்வான்ஸ் விஷயமாக

ஹட்டன்
வியாழன் இரவு, கடை பூட்டிய பிறகு

அன்புள்ள குருவி,

நலம், நலமறிய ஆவல். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு மட்டும் வழக்கம்போல முழங்கால். சரி, சுகம் விசாரித்தாயிற்று.

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்குக் கணக்குக் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று உனக்கே விளங்கும். வாட்ஸ்அப்பில் சொல்லலாம்தான். ஆனால் அக்கா இந்த மாதம் வெள்ளவத்தையில் உன் வீட்டில்தான் என்று கேள்வி. உன் போனில் வருவதை உனக்கு முன்னால் அவள்தான் கேட்பாள். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

போன மாதம் அக்கா போன் எடுத்தாள். மாமாவுக்கு 80 ஆகிறது, பிறந்தநாளை உன் கடை மேல்மாடியிலேயே செய்வோம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசத்தோடேயே நிறுத்தியிருக்கலாம். "எத்தனை பேர் அக்கா? பாதிக் காசு முன்னால் தர ஏலுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "நம்ம வீட்டு விசேசத்துக்குமா அட்வான்ஸ்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. இந்தப் பூசணிக்குக் காசு வந்ததும் கண் தெரியவில்லை என்று உன்னிடம் சொல்லியிருப்பாள், இல்லையா? எங்கே வந்தது காசு? அதையும் கேள்.

கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடையை மட்டும் நம்பினால் எங்களுக்கு அரை வருசம்தான் சோறு. டிசம்பர் பௌர்ணமிப் போயாவுக்குச் சிவனொளிபாத மலைக்கு ஆள் வரத் தொடங்கினால் வெசாக் போயா வரைக்கும் நல்லதண்ணிப் பக்கம் போகிற வேன்கள் நம் வாசலில் நிற்கும். விடிய விடிய ரொட்டி தட்டலாம். ஜூனில் மழை பிடித்தால் திங்கள் முதல் வியாழன் வரை மேசை துடைக்கிற பையன் ஈ ஓட்டுவான் என்று சொல்லவும் வழியில்லை. ஹட்டன் குளிருக்கு ஈயும் வராது.

அதனால்தான் மேல்மாடியைத் துப்புரவாக்கினோம். உனக்கு அது வெங்காய மூட்டையும் அப்பாவின் கால் உடைந்த கதிரைகளும் கிடந்த இடமாகத்தான் ஞாபகம் இருக்கும். நாம் கடலை மிட்டாய் ஒளித்து வைத்த அலுமாரி இன்னும் இருக்கிறது. இப்போது அதற்குள்ளே மேசை விரிப்பு. மற்றபடி 70 கதிரை, ஒரு சின்ன மேடை, வெள்ளை அடித்த சுவர். சடங்கு, காதுகுத்து, பிறந்தநாள், மாற்றலாகிப் போகிற கிளாக்கருக்குப் பிரியாவிடை என்று மாதத்துக்கு நாலைந்து பிடிக்கிறோம். பத்தாம் திகதி தோட்டச் சம்பளத்துக்குப் பிறகு வருகிற சனி ஞாயிறுகளுக்குத்தான் போட்டி.

இதில் என்ன லாபம் என்று நீ கேட்கலாம். கீழே ஒரு நாளைக்கு 20 கோழி வாங்கி 11 விற்றால் மிச்சத்துக்கு நான்தான் மாரடிக்க வேண்டும். விருந்தென்றால் 60 பேர் என்று முன்னாலேயே தெரியும். 60 பேருக்கு வாங்கி, 60 பேருக்கு ஆக்கி, 60 பேருக்கு இறக்கிவிட்டுப் பீங்கானைக் கழுவி வைத்துவிட்டுப் போகலாம். லாபம் புரியாணியில் இல்லையடி, அந்த 60 என்ற கணக்கில்தான் இருக்கிறது. கணக்கு பொய்யானால் எல்லாமே போச்சு.

ஊசிமணி மகளின் சடங்கை உனக்குச் சொல்லவில்லை. வெட்கத்தில் சொல்லவில்லை. இடம் போதாது என்று பக்கத்து மண்டபத்தில் அவள் வைத்தாள், சாப்பாடு எங்களுடையது. 150 பேர் என்றாள். நானும் நம்ம ஊசிமணிதானே என்று விலைத் துண்டும் எழுதவில்லை, முன்காசும் வாங்கவில்லை. என் பீங்கான் எப்போதும் 25, 25 ஆகத்தான் அடுக்கியிருக்கும். ஆறு அடுக்கு முடிந்தது. ஏழாவதைப் பிரித்தான் பையன். எட்டாவதைத் தொட்டபோது என்னைப் பார்த்தான் பார், அந்தப் பார்வை! கடைசியில் எண்ணிப் பார்த்தால் 213 பீங்கான். கோழி முடிந்து, முட்டையை அவித்து உடைத்துப் போட்டு, இவர் நொண்டிக்கொண்டே ஓடி பஸார் முழுக்க இருந்த பராட்டாவை அள்ளி வந்து, ஒருவழியாக மானம் தப்பியது. முடிந்ததும் ஊசிமணி 150 பேருக்குக் காசை எண்ணித் தந்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். "எல்லாம் நம்ம ஆளுகதானே!" நம்ம ஆளுகளுக்கு வயிறு இல்லையாமா?

அதற்கு முந்திய அடி 2022இல். ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்கு விலை பேசி, மே மாதத்துக்கு ஒப்புக்கொண்டேன். முந்திய வருசம் ஒக்டோபர் வரை 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் அந்த மே மாதம் 4,860. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் ஆக்கினோம். கண் எரிய எரிய நான் ஊதிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வீட்டார் "விறகுச் சோறு என்ன வாசம்!" என்று மெச்சினார்கள். சொன்ன விலைக்கே கொடுத்தேன், கையில் இருந்ததும் போனது. அதிலிருந்து விலைத் துண்டில் "30 நாளைக்கு மட்டும்" என்று சிவப்பில் எழுதுகிறேன். பாதிக் காசு முன்னால். ஆள் எண்ணிக்கை மூன்று நாளைக்கு முன்னால். பிறகு குறைந்தாலும் சொன்ன கணக்குக்குத்தான் காசு, கூடினால் கூடுதல் காசு. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். எனக்கே இருக்கிறது.

வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிற ஓடர் வேறு கூத்து. நுவரெலியாவில் ஒரு கல்யாணம், 120 பேர். பெரிய வேலையென்று கொழும்பிலிருந்து ஒரு சமையல்காரரைப் பிடித்தேன். பெரிய கை, பெரிய வாய். பருப்பு வேகவில்லை, சோறு நடுவில் விதை விதையாக நிற்கிறது. அரிசியைத் திட்டினார், பருப்பைத் திட்டினார், என் அண்டாவையும் திட்டினார். அங்கே 1,868 மீற்றர் உயரமடி. தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100. குமிழி பார்த்து நேரம் வைத்தால் எப்படி வேகும்? நம்ம அம்மாமாருக்கு இந்தப் பாகையெல்லாம் தெரியாது. ஆனால் பருப்பை முன்னிரவே ஊறப் போட அவர்களுக்குத் தெரியும். கொண்டுபோன கறி வேறு குளிரில் பத்து நிமிசத்தில் உறைந்து, மேலே மெழுகு படிந்ததுபோல் கொழுப்பு. இப்போது அடியில் மெழுகு எரிகிற மூடிச் சட்டிகள் ஆறு வாங்கிவிட்டேன். கறியை அங்கே போய்த்தான் தாளிக்கிறோம்.

உனக்கு மட்டும் ஒரு தொழில் ரகசியம். மேசையில் முதலில் சோறு, அடுத்தது நூடில்ஸ், பருப்பு, கத்தரிக்காய், சம்பல். கோழி கடைசி. அதற்குள் பீங்கான் நிறைந்துவிடும். கோழிச் சட்டிக்குப் பக்கத்தில் நம்ம தம்பி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பான். ஒரு துண்டு போடுவான், மனுசர் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார். உன் அக்காவிடம் இது எடுபடாது, தெரியும்.

இனித்தான் விஷயம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். மழை. குடையை மடக்கிக்கொண்டு மாமா உள்ளே வருகிறார். டிக்கோயாவிலிருந்து தனியாக பஸ்ஸில். அண்ணிக்குத் தெரியாதாம். பிளேன்டீ கொடுத்தேன். சாயம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார், தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்த பழக்கம் எங்கே போகும்! "மேல பாக்கலாமாம்மா?" என்றார். 22 படி, குருவி. இரண்டு இடத்தில் நின்றார். நான் கையைக் கொடுக்கப் போக, சுவரில் வெள்ளையடித்தது நன்றாயிருக்கிறது என்று பேச்சை மாற்றினார். மேலே போய்க் கதிரைகளை விரலால் எண்ணினார். அப்புறம் கேள்வி தொடங்கியது. தலைக்கு எவ்வளவு? 1,800. ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை பேர்? எட்டு. அப்ப 60 பேருக்கு ஏழரைக் கிலோ. கோழிக்கு எத்தனை துண்டு? மிச்சம் என்ன ஆகும்?

"பெக்டரியில நாலரைக் கிலோ கொழுந்து உள்ள போனா ஒரு கிலோ தூள் வெளிய வரணும். வராட்டி ஒண்ணு கொழுந்து ஈரம், இல்லாட்டி எவனோ கை வச்சிட்டான். உனக்கும் அதே கணக்குதான்" என்றார்.

உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேங்க் உறையை எடுத்தார். 50,000. "பாதின்னா 54 வரும். நாலு குறையுது, பத்தாம் திகதி தாரேன். துண்டு எழுது." எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேண்டாம் மாமா என்றேன். முறைத்தார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பிரதி? கார்பன் வைக்கலையா?" என்று கேட்டார். கார்பன் தேடிப் பிடித்து மறுபடியும் எழுதினேன். போகும்போது, "பெரியவகிட்ட சொல்லாத. சின்னவகிட்டயும் சொல்லாத" என்றார். சின்னவள் நீதானே, முதலாவதை மட்டும் காப்பாற்றுகிறேன்.

அப்பா போன பிறகு அவருடைய கடன் கொப்பியை நான் பிரித்துப் பார்த்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பக்கத்தில்தான் இருந்தாய். எத்தனை பேர், எத்தனை பக்கம்! மாமாவின் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு பத்தாம் திகதிக்கும் கடன் தீர்ந்தது என்று குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. கடைசி மாதம்கூட. அப்படிப்பட்ட மனுசரிடம் அட்வான்ஸ் வாங்கியவள் நான். அந்த உறை இன்னும் மேசை லாச்சியில் அப்படியே கிடக்கிறது. அதைத் தொட்டுக் கோழிக்காரனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. திருப்பிக் கொடுத்தால் மாமா வேறு கடைக்குப் போய்விடுவார், அதுவும் நிச்சயம்.

ஆகவே காசு விஷயத்தை நான் மாற்றப் போவதில்லை. தலைக்கு 1,800தான். வட்டிலப்பம் மட்டும் என் கணக்கு, அதற்கும் பில் கேட்பார், பொய் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த 22 படியை அவர் மறுபடி ஏறக்கூடாது. கீழேயே வைப்போம். கீழே வைத்தால் அன்றைக்குக் கடையைப் பூட்ட வேண்டும். ஞாயிறென்றால் எனக்குக் கட்டாது, ஒரு வாரச் சம்பாத்தியமே அந்த ஒரு நாளில்தான். புதன்கிழமையானால் நட்டம் பெரிதில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அக்காவிடம் நீயே எடுத்துவிடு, நல்ல நாள் என்றால் அவள் மயங்குவாள். படி விஷயத்தை வாயில் எடுக்காதே, மாமா காதுக்குப் போனால் வேண்டுமென்றே மேலே ஏறுவார். போயா நாளில் மாட்டாமல் மட்டும் பார்த்துக்கொள், அன்றைக்கு இறைச்சிக் கடை திறக்காது.

இன்னொன்று. மாமா 60 என்கிறார். அக்கா அன்றைக்குப் போனில் பெயர் பெயராகச் சொன்னதை நான் கூட்டிப் பார்த்தேன், 90 தாண்டுகிறது. இரண்டில் எது என்று நீ முடிவு பண்ணி எழுது. ஊசிமணியைக் கூப்பிடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுது, இன்னொரு அடுக்குப் பீங்கான் இறக்கி வைக்கிறேன்.

உன்
பூசணி